மன்னார் மணலில் முதல் தோட்டம்: தோட்டவெளியிலிருந்து சில குறிப்புகள்

எங்கள் ஊரின் பெயரிலேயே தோட்டம் இருக்கிறது. ஆனால் மன்னார் நகரிலிருந்து தலைமன்னார் வீதியால் வருகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது மணலும் பனையும்தான். தெற்குக் கரையில் தம்பபவனிக் காற்றாலைகள் முப்பதும் சுழன்றுகொண்டிருக்கும். "இந்த மணலில் என்னதான் முளைக்கும்?" என்று கேட்காத விருந்தாளி இல்லை.

வருடத்துக்கு 250 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெய்யும் இடத்தைப் பாலைவனம் என்பார்கள். எங்களுக்கு ஏறக்குறைய 1000 கிடைக்கிறது. ஆனால் அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்ச மாதங்களில் வெயிலும் காற்றும் மணலும் சேர்ந்து பாலைவனத்தின் வேலையைத்தான் செய்கின்றன. செம்மண் காணியில் பயிர் வைத்துப் பழகியவர்களுக்கும் இங்கே எல்லாம் புதிது. முதன்முதலாக ஒரு பாத்தி போட நினைக்கிறவர்களுக்காக, பட்டுப் படித்தவற்றை எழுதுகிறேன்.

1. முதலில் மாதத்தைப் பாருங்கள். 2022 யூன் மாதத்தில் நாடு முழுக்க உணவுத் தட்டுப்பாட்டுப் பயம். வீட்டுத்தோட்டம் செய்வதற்காக அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறைகூடக் கிடைத்தது. எல்லோரும் மண்வெட்டியைத் தூக்கினார்கள், நானும் தூக்கினேன். நாற்பது மிளகாய்க் கன்று, இருபது தக்காளி, ஒரு பாத்தி கீரை. தீவில் அப்போது சோழகக் காற்று சுழன்று அடித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் இலையோரம் கருகியது. ஒரு கிழமைக்குள் தண்டு முழுக்க மணல் உரசிய காயம். பக்கத்து வளவு ஆச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பிள்ளை, சோழகம் ஓயட்டும் என்று ஒருக்கால் கேட்டிருக்கலாமே" என்றார். கேட்கவில்லை, அதுதான் என் பிழை. நாட்டுக்கு ஒரு காலம் என்றால் எங்கள் தீவுக்கு வேறு காலம். ஆவணியில் மண்ணைத் தயார் செய்யுங்கள். புரட்டாதியில் நாற்றுமேடை போடுங்கள். ஐப்பசியில் முதல் இரண்டு மழை விழுந்து மணலின் சூடு இறங்கிய பிறகு கன்றை நடுங்கள். மாசி வரைக்கும் கைநிறையக் காய் வரும்.

2. பத்தடி நீளம், மூன்றடி அகலம். முதல் வருடத்துக்கு இப்படி ஒரு பாத்தியோ இரண்டோ போதும். வளவு முழுவதையும் கொத்திப் போட்டால் தண்ணீர் ஊற்ற முடியாமல் பங்குனியில் எல்லாவற்றையும் கைவிட்டுவிடுவீர்கள்.

3. கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துவிட்டு விதை வாங்குங்கள். நாக்கில் விட்டுப் பார்த்தால் உவர் தெரியும், ஆனால் எவ்வளவு உவர் என்பதை நாக்கு சரியாகச் சொல்லாது. விதை சொல்லும். இரண்டு சிரட்டையில் ஈரத்துணி போட்டு, ஒவ்வொன்றிலும் இருபது பாசிப்பயறு வையுங்கள். ஒன்றுக்கு மழைத்தண்ணீர், மற்றதுக்குக் கிணற்றுத் தண்ணீர். மூன்றாம் நாள் எண்ணிப் பாருங்கள். இரண்டிலும் ஒரேயளவு முளைத்து, வேரும் ஒரே நீளத்தில் இருந்தால் கவலை இல்லை. கிணற்றுத் தண்ணீர்ச் சிரட்டையில் வேர் கட்டையாகவும் நுனி பழுப்பாகவும் இருந்தால் போஞ்சி, வெங்காயம், மிளகாய் மூன்றையும் மழைக்காலத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இவை உப்புக்குச் சீக்கிரம் சுருண்டுவிடும். கௌபியும் பீற்றூட்டும் அதைவிட அதிகம் தாங்கும். தென்னை இன்னும் தாங்கும்.

4. கிணற்றை ஒரேயடியாக இறைக்காதீர்கள். தீவின் அடியில் நல்ல தண்ணீர் தனியாகத் தேங்கி நிற்பதில்லை. மாரியில் மணலுக்குள் இறங்கிய மழைத்தண்ணீர், கனமான கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு அது இருக்கும் என்பது கணக்கு. மறுபக்கமும் அதே கணக்குத்தான்: மேலே ஒரு அடி குறைந்தால் கீழிருந்து உவர் 40 அடி ஏறி வரத் தொடங்கும். பெரிய மோட்டர் போட்டு ஒரு மணித்தியாலம் இழுத்தால் அன்றைக்குத் தோட்டம் நனையும். ஆடி, ஆவணிக்குள் உங்கள் கிணறு மட்டுமல்ல, அடுத்த வளவுக் கிணறும் உவர்ப்படும். வாளியால் அள்ளுங்கள், இல்லையென்றால் சின்ன மோட்டரைக் காலையில் பத்து நிமிடம், பின்னேரம் பத்து நிமிடம் என்று போடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் யாரோடும் சமரசம் பேசமாட்டேன். ஒரு கிணறு கெட்டால் அது ஒரு வீட்டின் நட்டத்தோடு நிற்பதில்லை.

5. பாத்தியை உயர்த்தாதீர்கள், இறக்குங்கள். மேட்டுப் பாத்தி நல்லது என்று பல இடங்களில் சொல்வார்கள். மழை நிறைந்த ஊருக்கு அது சரி. எங்கள் மணலில் உயர்ந்த பாத்தி நாலு பக்கத்தாலும் காயும், காற்று அதன் தோளைத் தின்றுவிடும். அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவில் சூனிப் பழங்குடி மக்கள் நாலு பக்கமும் வரம்பு கட்டிய சின்னச் சின்னச் சதுரப் பள்ளங்களில்தான் காலங்காலமாகக் காய்கறி வளர்த்தார்கள். மேற்கு ஆபிரிக்காவின் புர்க்கினா பாசோவில் குழி தோண்டி எருப் போட்டுத் தானியம் விதைக்கிறார்கள். வறண்ட நாட்டு மக்கள் எல்லோருக்கும் ஒரே யோசனைதான் வந்திருக்கிறது.

நான் செய்வது இப்படி. ஒன்றரை அடி ஆழத்துக்கு மணலை அள்ளி ஓரமாகக் குவிப்பேன். குழியின் அடியில் தேங்காய்ப் பொச்சுகளைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க நெருக்கி அடுக்குவேன். பொச்சு கடற்பஞ்சு மாதிரித் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். லுணுவிலவிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிலையமும் தென்னைக்குப் பொச்சுக் குழி வெட்டச் சொல்கிறது. அதற்கு மேல் வேலியிலிருந்து கழித்த பழைய பனையோலையை நறுக்கிப் போடுவேன். பிறகு பூவரசு, சீமைக்கிளுவைக் குழைகள், அதன் மேல் மாட்டெரு. கடைசியில், அள்ளிய மணலில் பாதியும் மக்கிய எரு பாதியுமாகக் கலந்து நிரப்புவேன். நிரப்பி முடிந்தாலும் பாத்தி சுற்றியுள்ள நிலத்தைவிட நாலு விரல் தாழ்ந்தே இருக்கவேண்டும். மூன்று கிழமை தண்ணீர் தெளித்து ஆறவிட்டுத்தான் நடுவேன். பச்சைக் குழை மக்கும்போது கிளம்பும் சூடு இளம் வேரை அவித்துவிடும்.

கார்த்திகையில் அடைமழை வரும்போது இந்தப் பள்ளம் குளமாகும் என்பதும் உண்மை. ஒரு மூலையில் வாய்க்கால் வெட்டி மண் போட்டு அடைத்து வையுங்கள், மழை விடாமல் பெய்யும் நாளில் திறந்துவிடலாம். மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் மட்டும் மாரியில் மேட்டுப் பாத்தி போட்டு, பங்குனியில் மண்ணை இறக்கிவிடுங்கள்.

6. எரு கடையில் மட்டும் கிடைப்பதல்ல. மன்னாரில் கழுதைகள் வீதியில் படுத்திருப்பதைப் பார்த்துப் பலர் படம் எடுப்பார்கள். நான் உரப்பையோடு பின்னால் போவேன். கழுதை விட்டை நல்ல எரு, ஆனால் அது தின்ற புல்லின் விதை பாதி செமிக்காமலே வெளியே வரும். அப்படியே போட்டால் பாத்தியில் புல்தான் மண்டும். குவித்து, நனைத்து, கறுப்புப் பொலித்தீனால் மூடி, கிழமைக்கு ஒருமுறை புரட்டி இரண்டு மூன்று மாதம் மக்கவிடுங்கள். குவியலின் நடுவில் கையை விட்டால் பொறுக்க முடியாத சூடு இருக்கவேண்டும், அப்போதுதான் விதை சாகும்.

கரையில் ஒதுங்கும் சாதாழையை ஆவணியில் அள்ளி வந்து வெளியில் குவித்துவிடுங்கள். மாரி மழை அதன் உப்பைக் கழுவும். தை மாதத்தில் அது கையில் உதிரும் பதத்தில் இருக்கும். மீன் தலை, குடல், செதில் எல்லாம் பேசாலைப் பக்கத்தில் வேண்டியமட்டும் கிடைக்கும். ஒன்றரை அடிக்குக் குறையாமல் புதையுங்கள், இல்லாவிட்டால் இரவோடிரவாக நாய் கிளறிவிடும். கருவாடு போட்ட உப்புத் தண்ணீரை மட்டும் தோட்டத்துப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

மணலுக்கு ஒருமுறை எருப் போட்டால் முடிந்தது என்று நினைக்கவேண்டாம். ஒவ்வொரு மாரியும் கொஞ்சத்தைக் கழுவிக்கொண்டு போகும். ஒவ்வொரு ஆவணியும் திரும்பப் போடவேண்டும்.

7. ஒரு கள்ளு முட்டி தேடிப் பிடியுங்கள். என் தோட்டத்தைக் காப்பாற்றிய பொருள் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். சுட்ட மண் முட்டியைக் கழுத்துவரை மணலில் புதைத்து, தண்ணீர் நிரப்பி, வாயைச் சிரட்டையால் மூடிவிடுவது. சீனத்து வேளாண் நூலொன்றில் 2000 வருடத்துக்கு முன்பே இந்த முறை எழுதப்பட்டிருக்கிறது. நமக்கோ பனை ஏறுகிறவர்கள் வீட்டுக் கொல்லையில் பழைய முட்டிகள் கிடக்கின்றன.

முதல் முட்டியைப் புதைத்த அடுத்த நாள் விடிய எழும்பிப் போய்ப் பார்த்தேன். மேல் மணல் காய்ந்து வெள்ளையாக இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் நினைத்தேன். விரலால் மெல்லக் கிண்டினேன். இரண்டு விரல்கடை கீழே மணல் கறுத்துக் குளிர்ந்திருந்தது. முட்டியைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு வட்டமாக ஈரம். மேலே ஒரு சொட்டும் வெயிலுக்குப் போகவில்லை. மணல் காயக் காய முட்டி கசியும், மணல் நனைந்திருந்தால் கசிவு தானாகக் குறையும். பத்து நாள் கழித்து ஒரு பூசணிக் கன்றின் பக்கத்தில் கிண்டினேன். வெள்ளை வேர்கள் முட்டியின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றன.

சில கவனம். உள்ளே சுண்ணாம்பு பூசிய கருப்பணி முட்டி வேண்டாம், சுண்ணாம்பு துவாரத்தை அடைக்கும். மினுக்குப் பூச்சுப் பூசியதும் வேண்டாம். ஐந்து லீற்றர் பிடிக்கும் முட்டியை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் நாலு கத்தரியோ இரண்டு பாகல் கொடியோ வளரும். கன்றை முட்டியிலிருந்து ஒரு சாணுக்குள் நடுங்கள், அதற்கப்பால் ஈரம் எட்டாது. இளம் கன்றுக்கு வேர் ஓடும் வரை இரண்டு கிழமைக்கு மேலாலும் ஊற்றவேண்டும். மூடி இல்லாமல் ஒருநாளும் விடாதீர்கள், நுளம்பு முட்டையிட்டால் டெங்குக்கு நாங்களே இடம் கொடுத்தது போலாகும். ஒரு போகம் முடிந்ததும் முட்டியைக் கிளப்பி ஊறவைத்து, வெளியில் படிந்த வெள்ளை உப்பைத் தும்புத் தடியால் தேய்த்துவிடுங்கள்.

8. மணலை வெறும் மேலோடு விடாதீர்கள். வைக்கோல், காய்ந்த இலை, நறுக்கிய தென்னோலை எதுவானாலும் நாலு விரல் தடிப்புக்குப் பரப்புங்கள். சித்திரை மத்தியானத்தில் வெறும் மணலிலும் மூடிய மணலிலும் கையை வைத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். தண்டை ஒட்டி மட்டும் இரண்டு விரல் இடைவெளி விடவேண்டும், இல்லையென்றால் அழுகல் வரும், கறையானும் ஏறும். தும்புத்தூள் பரப்புகிறவர்கள் அதை இரண்டு தடவை நல்ல தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள், அதில் உப்பு இருக்கும்.

9. விடியற்காலையில் ஊற்றுங்கள். சூரியன் பனைக்கு மேலே ஏறுமுன் வேருக்குப் போய்ச் சேரவேண்டும். கொஞ்சமாக, அடிக்கடி. ஒரே தடவையில் நாலு வாளி ஊற்றினால் மூன்று வாளி மணலின் வழியே கிணற்றுக்கே திரும்பிப் போகும், கூடவே எருவின் சத்தையும் கொண்டுபோகும். மத்தியானத்தில் இலை வாடித் தொங்குவதைப் பார்த்து ஓடிப்போய் ஊற்றாதீர்கள். பின்னேரம் ஐந்து மணிக்கும் நிமிராமல் இருந்தால்தான் அது தாகம்.

10. காற்றை மறிக்காதீர்கள், வடிகட்டுங்கள். தகரத்தால் வேலி அடைத்தால் காற்று மேலே ஏறி மறுபக்கம் குதித்து, உள்ளே சுழன்று அடிக்கும். நான் ஒரு வருடம் தகரம் வைத்துப் பார்த்தேன், வேலியோரக் கன்றுகள்தான் முதலில் முறிந்தன. கிடுகும் பனையோலையும் காற்றில் பாதியை உள்ளே விட்டுப் பாதியைத் தடுக்கும். அப்படிப்பட்ட வேலி தன் உயரத்தைப்போலப் பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகத்தைத் தணிக்கும். ஐந்தடி வேலி இருந்தால் ஐம்பதடிக்குள் பாத்தி போடலாம், அருகே போனால் இன்னும் நல்லது.

சோழகம் தென்மேற்கிலிருந்து வரும். ஆகவே தெற்குப் பக்கமும் மேற்குப் பக்கமும்தான் முக்கியம். ஐப்பசி மழையோடு பூவரசும் சீமைக்கிளுவையும் கதியாலாக ஊன்றிவிடுங்கள். இரண்டு மாரிக்குள் உயிர்வேலி எழும்பும், குழையும் கிடைக்கும். முருங்கையையும் பப்பாசியையும் காற்று வரும் பக்கம் வைக்கவேண்டாம், கொப்பு முறியும். கடற்கரைக்குக் கிட்ட இருப்பவர்கள் சோழக நாட்களில் காலையில் இலைகளின் மேல் நல்ல தண்ணீர் தெளியுங்கள், இரவில் படிந்த உப்பு கழுவுப்படும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் கழுதைக்கும் வேலியின் அடியில் முள் கட்டுவது உங்கள் பாடு.

11. மேற்கு வெயிலுக்கு ஒரு பந்தல். காலை வெயில் பயிருக்கு நல்லது. பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு அடிக்கும் மேற்கு வெயில்தான் கொல்லும். பாத்தியின் மேற்கே சரிவாக இரண்டு கிடுகு கட்டினால் கீரை, பசளி, தக்காளி மூன்றும் இன்னும் ஒரு மாதம் நிற்கும்.

12. எந்த மாதத்துக்கு எது. இதில்தான் புதியவர்கள் அதிகம் மனமுடைகிறார்கள். பங்குனி, சித்திரையில் தக்காளி செழித்து நிற்கும், பூவும் பூக்கும், ஆனால் பிஞ்சு பிடிக்காமல் உதிரும். உடனே உரம் போதாது என்று நினைத்து உரம் போடுவார்கள். உரத்தில் குறையில்லை. பகல் 32 பாகைக்கு மேல் ஏறி இரவும் வெக்கை தணியாவிட்டால் தக்காளியின் மகரந்தம் வேலை செய்யாது. தக்காளி, மிளகாய், வெங்காயம், பயிற்றங்காய் எல்லாவற்றையும் ஐப்பசி முதல் மாசிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். கத்தரிக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக் கத்தரியை வைத்துப் பாருங்கள், நம் பக்கத்து வெயிலுக்குப் பழகிய இனம்.

பங்குனிக்குப் பிறகு வெண்டி, கௌபி, எள். வற்றாளைக் கொடியை ஊன்றினால் அதுவே நிலத்தை மூடிக்கொள்ளும், இலையையும் வறுக்கலாம். மரவள்ளித் தடியை மாரி முடிவதற்குள் ஊன்றுங்கள், வேர் பிடித்துவிட்டால் கோடை அதை ஒன்றும் செய்யாது. சோழக மாதங்களில் வேலியோரப் பொன்னாங்காணியும் முருங்கை இலையும் அகத்தியும் போதும் என்று இருங்கள். பள்ளிமுனைப் பெருக்கமரம்கூட வறட்சியில் இலையை உதிர்த்துவிட்டுத்தான் நிற்கிறது.

13. சமையலறைத் தண்ணீர். அரிசி, மரக்கறி, மீன் கழுவின தண்ணீர் நேராகப் பாத்திக்குப் போகலாம். உடுப்புத் தோய்த்த சவர்க்காரத் தூள் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள சோடியம் மண்ணைக் கெடுக்கும். குளிக்கிற இடத்துத் தண்ணீருக்கு இரண்டு வாழை வையுங்கள்.

14. கூரையை வீணாக்காதீர்கள். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர் தண்ணீர். 50 சதுர மீற்றர் வீட்டுக்கு ஒரு வருட மழையில், சிந்தினது போக, 40,000 லீற்றர் வரும். அவ்வளவையும் பிடிக்க நம்மில் யாருக்கும் தாங்கி இல்லை. ஆனால் ஆயிரம் லீற்றர்த் தாங்கி ஒன்று நிறைந்தாலே நாற்றுமேடைக்கு உப்பில்லாத தண்ணீர் பங்குனி வரை கிடைக்கும். முதல் மழையைப் பிடிக்கவேண்டாம், கூரையின் உப்பும் எச்சமும் கழுவுப்படட்டும். தாங்கி இல்லாதவர்கள் கூரைத் தண்ணீரைக் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு குழி வெட்டி அதற்குள் விடுங்கள். மணல் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

15. மிளகாய் இலை சுருண்டால். கோடையில் பனிப்பூச்சியும் சிற்றுண்ணியும்தான் பெரும்பாலும் காரணம். இலையைத் திருப்பி வெயிலில் பிடித்துப் பாருங்கள். வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராம் இடித்து, ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடித்து, சவர்க்காரம் சிறிது கரைத்து, பின்னேரத்தில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். ஐந்து நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை. பாகல் பிஞ்சுகளுக்குப் பழைய பத்திரிகைக் கடதாசியில் உறை செய்து கட்டினால் பழ ஈ தொடாது. மிளகாய்ச் சுருட்டல் தெளிப்புக்கும் அடங்காவிட்டால் இலையைப் பறித்துக்கொண்டு கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். வாயால் சொல்வதைவிட இலை நன்றாகச் சொல்லும்.

16. உங்கள் மணலில் பிழைத்த செடியின் விதையை வையுங்கள். கடை விதையில் பத்துக் கன்று வந்தால் அதில் ஒன்றிரண்டு மற்றவற்றைவிட உவரையும் வெயிலையும் தாங்கி நிற்கும். அதன் முதல் காய்களைக் கறிக்குப் பறிக்காமல், ஒரு நூல் கட்டி அடையாளம் வைத்து முற்றவிடுங்கள். வீரிய இன விதையில் வந்த செடி என்றால் அடுத்த தலைமுறை மாறிப்போகும், நாட்டு இனத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள். வெண்டியும் கௌபியும் செடியிலேயே காயட்டும். கத்தரியைப் பழுத்து மஞ்சளாகவிட்டுப் பிசைந்து கழுவி, நிழலில் உலர்த்துங்கள். அடுப்புச் சாம்பல் சேர்த்துப் பிரட்டி, காய்ந்த போத்தலில் அடைத்து, மாதத்தையும் பாத்தியையும் எழுதி ஒட்டுங்கள். என்னிடம் இப்போது மூன்று போத்தல் வெண்டி விதை இருக்கிறது. ஒன்று ஆச்சிக்கு. மற்ற இரண்டும் ஆவணி வரும்வரை அடுப்படித் தட்டில் இருக்கும்.